மணி அடிக்காத கல்லூரி

பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அதை வசதி என்று நீங்கள் எண்ணியிருக்க மாட்டீர்கள். பல வேளைகளில் தொல்லை என்றே எண்ணியிருப்பீர்கள். காலையில் மணி அடிக்கிறது, வகுப்புக்குச் செல்கிறீர்கள். மற்றொரு மணி அடிக்கிறது. கணக்கை மூடி வைத்துவிட்டு வரலாற்றைத் திறக்கிறீர்கள். இன்ன நாளில் பரீட்சை, இன்ன நாளில் விடுமுறை என்று பட்டியல் ஒட்டப்படுகிறது. எப்போது படிப்பது, எவ்வளவு படிப்பது, எங்கே நிறுத்துவது என்பவற்றையெல்லாம் உங்களுக்காகப் பிறர் முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

இந்த மணியோசை கேட்காத மாணவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பகலெல்லாம் ஆலையில் கணக்கெழுதிவிட்டு, இரவில் விளக்கடியில் பொருளாதாரம் படிக்கும் குமாஸ்தா ஒருவர். குழந்தைகளை உறங்க வைத்த பின்னர் இலக்கண நூலைத் திறக்கும் தாய் ஒருவர். பஸ் புறப்படும் வரை நிலையத்தில் அமர்ந்து, முந்தின நாள் விட்ட பக்கத்தைத் தொடரும் நடத்துநர் ஒருவர். இவர்களும் பட்டப் படிப்பு மாணவர்களே. ஆனால் இவர்கள் பயிலும் கல்லூரியில் மணி அடிப்பார் எவரும் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே தம் வேகத்தில் கற்கும் இந்தத் தொலைநிலைக் கல்வி எவ்வாறு பிறந்தது, எவ்வாறு நடைபெறுகிறது, அதில் வெல்வோர் எதனால் வெல்கிறார்கள், இடையில் விடுவோர் எதனால் விடுகிறார்கள் என்பனவற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் தபாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1840ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இங்கிலாந்தில் ஒரு பென்னிக் கட்டணத்தில் நாட்டின் எந்தப் பகுதிக்கும் கடிதம் அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் ஐசக் பிட்மன் என்பவர் தாம் வகுத்த சுருக்கெழுத்து முறையைத் தபால் வழியே கற்பிக்கத் தொடங்கினார். பாடத்தைப் பெற்றவர்கள் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அவருக்கு அனுப்புவார்கள். அவர் பிழைகளைத் திருத்தி அவர்களுக்கே திருப்பி அனுப்புவார். இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாடம் தபாலில் போனது புதுமைதான்; ஆயினும் அச்சிட்ட தாள்கள் அதற்கு முன்பே தபாலில் போய்க்கொண்டுதான் இருந்தன. மாணவன் எழுதியது ஆசிரியரிடம் சென்று, திருத்தத்தோடு அவனிடமே மீண்டு வந்தது. அந்த வரவுதான் கல்வியாக அமைந்தது. அஞ்சல் வழிக் கல்வியின் உயிர் நிலை இதுவே.

இதற்கு 18 ஆண்டுகளுக்குப் பிறகு, 1858இல், இலண்டன் பல்கலைக் கழகம் ஒரு பெருங்கதவைத் திறந்தது. குறிப்பிட்ட கல்லூரிகளில் பயின்றவரே பட்டத் தேர்வு எழுதலாம் என்ற கட்டுப்பாட்டை நீக்கி, எங்கே படித்தவராயினும், தாமே படித்தவராயினும், தேர்வில் தேறினால் பட்டம் உண்டு என்று வகை செய்தது. இந்த ஏற்பாடு நாளடைவில் கடல் கடந்தும் பரவியது. நம் அண்டை நாடாகிய இலங்கையில் 1921இல் தொடங்கப்பெற்ற பல்கலைக் கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக் கழகம் தோன்றும் வரை, தன் மாணவர்களை இலண்டன் பட்டத் தேர்வுகளுக்கே தயார் செய்து வந்தது. அதற்கு முன்னரே தம் முயற்சியால் அப்பட்டத்தைப் பெற்றவர்களும் உண்டு. பின்னாளில் விபுலாநந்த அடிகள் என்று தமிழுலகம் போற்றிய மயில்வாகனனார், யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பணி புரிந்துகொண்டே படித்து, 1920இல் இலண்டன் பல்கலைக் கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகவும், பின்னர் யாழ் நூலின் ஆசிரியராகவும் விளங்கிய அவர், தம் இளமையில் பணியிலிருந்தவாறே பட்டம் பெற்ற ஒரு மாணவர் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

எனினும் அந்த முறையில் ஒரு குறை இருந்தது. இலண்டன் பல்கலைக் கழகம் தேர்வு நடத்தியது. ஆனால் இவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. கேள்வித்தாள் இருந்தது, ஆசிரியர் இல்லை. பேராற்றல் வாய்ந்தவர்கள் அந்தக் குறையைத் தாமே நிரப்பிக்கொண்டார்கள். மற்றவர்களோ தனியார் பயிற்சிக் கழகங்களை நாடினார்கள். அல்லது புத்தகத்தைத் திறந்து, மூடி, மறந்து போனார்கள். கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? உள்ளே வருபவனுக்கு வழி காட்ட ஒருவர் வேண்டாமா? இந்தக் கேள்விக்குத் தக்க விடை கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1963 செப்டம்பரில், பிரிட்டனின் தொழிற் கட்சித் தலைவராக இருந்த ஹரால்டு வில்சன், கிளாஸ்கோ நகரில் பேசும்போது, வானொலி, டெலிவிஷன், தபால் ஆகியவற்றை இணைத்து வீட்டிலிருந்தே பயில ஒரு பல்கலைக் கழகம் வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். அவர் பிரதமரான பிறகு, அதற்கு உருவம் கொடுக்கும் பொறுப்பு ஜென்னி லீ என்ற அம்மையாரிடம் வந்தது. சுரங்கத் தொழிலாளியின் மகளான அவர் ஒரு விஷயத்தில் சற்றும் இளகவில்லை. உழைப்பாளிகளுக்கு என்று தரத்தில் குறைந்த பட்டம் ஒன்றைத் தருவதாயின் அது வேண்டியதே இல்லை என்றார். நுழையும் வாயில் எளிதாக இருக்க வேண்டும். வெளியேறும் வாயில் மற்றப் பல்கலைக் கழகங்களுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. அக்காலத்தில் இதனை வீண் கனவென்று எள்ளியவர்கள் பலர். ஆயினும் 1969இல் அரச பட்டயத்துடன் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் நிறுவப்பட்டது. வால்டர் பெர்ரி அதன் முதல் துணைவேந்தரானார். மில்டன் கீன்ஸ் என்னும் புதிய நகரில் அதன் தலைமையகம் அமைந்தது.

1971இல் முதல் மாணவர்கள் பயிலத் தொடங்கினார்கள். 40,000க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஏறக்குறைய 24,000 பேர் சேர்ந்தனர். முன்பு எந்தப் பரீட்சையில் தேறினீர் என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. பட்டம் பெறாமலே பள்ளி ஆசிரியர்களாகப் பணியாற்றியவர்கள் அவர்களுள் பெருந்தொகையினர். குடும்பத் தலைவியரும், அலுவலக ஊழியர்களும், தொழிலாளர்களும் இருந்தனர்.

அவர்கள் படித்த முறையைச் சற்றுப் பாருங்கள். பாட நூல்கள் தபாலில் வந்தன. அவை சாதாரண நூல்களைப் போல் எழுதப்படவில்லை. சில பக்கங்களுக்கு ஒருமுறை ஒரு கேள்வி குறுக்கிடும். அதற்கு விடை எழுதிப் பார்த்துவிட்டே மேலே செல்ல வேண்டும். எதிரே அமர்ந்த ஆசிரியர், “புரிந்ததா?” என்று கேட்கும் இடத்தில் நூலே கேட்கும்படி அமைத்திருந்தார்கள். பி.பி.சி. நிறுவனம் விடியற்காலையிலும் நள்ளிரவை ஒட்டியும் பாடங்களை ஒலி, ஒளி பரப்பியது. விஞ்ஞான மாணவர்களுக்கு ஒரு பெட்டி வந்தது; அதில் சிறிய நுண்ணோக்கியும் இரசாயனப் பொருள்களும் இருந்தன. சமையலறை மேசையே ஆய்வுக்கூடமாயிற்று. கோடையில் ஒரு வாரம் ஏதேனும் ஒரு கல்லூரியில் தங்கிப் பயிலவும் ஏற்பாடு இருந்தது. இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியர் பெயர் குறித்து ஒதுக்கப்பட்டதாகும். மாணவர் குறித்த நாளில் கட்டுரை எழுதி அனுப்புவார்; ஆசிரியர் திருத்தி, மதிப்பெண்ணோடு தம் கருத்தையும் எழுதித் திருப்புவார். பிட்மனின் பென்னித் தபால் முறையே பெரிய உருவில் மீண்டும் வந்தது எனலாம்.

வேகத்தைப் பற்றியும் அவர்கள் தெளிவாகச் சிந்தித்திருந்தார்கள். சாதாரணப் பட்டத்துக்கு ஆறு ‘கிரெடிட்’ அலகுகள் வேண்டும். ஆண்டுக்கு ஒன்று வீதம் படித்தால் ஆறு ஆண்டுகள் ஆகும். விரைந்து செல்ல விரும்புவோர் ஆண்டுக்கு இரண்டு எடுக்கலாம். இயலாத ஆண்டில் எடுக்காமலும் இருக்கலாம். முன்பே ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்குச் சில அலகுகள் கழித்துக் கொடுக்கப்பட்டன. அதனால் 1973இலேயே முதல் பட்டமளிப்பு விழா இலண்டனில் உள்ள அலெக்ஸாண்டிரா மாளிகையில் நடைபெற முடிந்தது. 2006ஆம் ஆண்டு டிசம்பரில் டெலிவிஷன் பாட ஒளிபரப்பு முடிவுற்றது. கணினியும் இணையமும் அதன் இடத்தைப் பெற்றன. எழுதுவது, திருத்தம் பெறுவது என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

நம் நாடும் இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை. பிரிட்டனின் அப்பல்கலைக் கழகம் தோன்றுவதற்கு முன்பே, 1962இல், தில்லிப் பல்கலைக் கழகம் 900 மாணவர்களோடு அஞ்சல் வழிப் பட்டப் படிப்பைத் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக் கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக் கழகம் 1981இலும் இதனை மேற்கொண்டன. 1982இல் ஐதராபாத்தில் இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் தோன்றியது. 1985இல் பாராளுமன்றச் சட்டத்தின்படி இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் நிறுவப்பட்டது. ஐதராபாத்தில் முதல் துணைவேந்தராக இருந்த ராம் ரெட்டி அவர்களே இதற்கும் முதல் துணைவேந்தரானார். 2002ஆம் ஆண்டின் சட்டத்தால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகம் உருவாயிற்று.

இனி, தம் வேகத்தில் படிப்பது என்பதன் பொருளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்திரா காந்திப் பல்கலைக் கழகத்தில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. பாடம் படிப்பது, ஒலி ஒளிப் பாடங்களைக் கேட்பது, விடை எழுதுவது எல்லாம் அதில் அடங்கும். பல ஆண்டுகள் அங்கே நடைபெற்ற இளநிலைப் பட்டத் திட்டத்திற்கு 96 கிரெடிட் வேண்டியிருந்தது. ஆக மொத்தம் 2,880 மணி. குறைந்த அளவு மூன்று ஆண்டுகளில் முடிக்கலாம். மிகுந்த அளவு ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளலாம். மூன்று ஆண்டுகளில் முடிக்க நினைப்பவர், ஒரு நாள் விடாமல் ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம் படிக்க வேண்டும். ஆறு ஆண்டுகளில் முடிப்பவருக்கு நாளொன்றுக்கு 1 மணி 20 நிமிடம் போதும்.

இந்தக் கணக்கு நமக்கு இரண்டு உண்மைகளைக் கூறுகிறது. வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம். அதனால் பட்டத்தின் மதிப்பு குறையாது என்பது ஒன்று. மொத்த மணிகளை மட்டும் குறைக்க முடியாது என்பது மற்றொன்று. ‘நம் விருப்பம்போல் படிக்கலாம்’ என்ற சொல்லைக் கேட்டுச் சேர்பவர்கள் முதல் உண்மையை மகிழ்ச்சியோடு ஏற்கிறார்கள், இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

இடையில் நின்றவர்களின் கதையை விசாரித்தால், அது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பாடங்களைப் பெற்ற புதிதில் ஆர்வம் மிகுதி. சில வாரங்களில் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடி. அல்லது வீட்டில் ஒரு திருமணம். அல்லது ஒரு நோய். முதல் ஒப்படைப்பை அனுப்ப வேண்டிய நாள் தவறுகிறது. இரண்டாம் பாடம் முதற் பாடத்தின் மேல் எழுப்பப்பட்டதாகையால் அதுவும் விளங்கவில்லை. நேர்முக வகுப்புக்குச் செல்லலாம் என்றால், ஒன்றும் படிக்காமல் எப்படிப் போவது என்ற நாணம். பிறகு அந்தப் பாடக் கட்டுகள் பரணில் ஏறுகின்றன. அறிவுக் குறைவால் அவர் விடவில்லை; ஒழிவு அறவே இல்லாததாலும் விடவில்லை. நின்ற வண்டியை மீண்டும் நகர்த்துவது கடினம் என்பதே காரணம். மெதுவாகச் செல்பவர் ஊர் சேர்வார். நின்றவரே வழியில் தங்குவார்.

ஆகவே அனுபவம் மிக்க ஆசிரியர்கள் இம்மாணவர்களுக்குக் கூறும் அறிவுரைகள் எளியனவாக உள்ளன. நாள்தோறும் ஒரே நேரத்தை, ஒரு மணியேயாயினும், படிப்புக்கென ஒதுக்குங்கள். நெருக்கடி மிகுந்த ஆண்டில் பாடங்களைக் குறைத்து எடுங்கள், முற்றிலும் நிறுத்திவிடாதீர்கள். விடை செம்மையாக அமையவில்லை என்று வைத்துக்கொண்டிராமல், குறித்த நாளில் அனுப்பிவிடுங்கள். பிழை இருந்தால் திருத்துவதற்குத்தானே ஆசிரியர் இருக்கிறார்? படிக்காவிட்டாலும் நேர்முக வகுப்புக்குப் போங்கள். படிக்காதவர்களுக்கே அது மிகுதியும் தேவை. அதே படிப்பில் உள்ள ஒருவரைத் துணையாகத் தேடிக்கொள்ளுங்கள். சுருங்கச் சொன்னால், உங்கள் மணியை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

இதில் நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. எழுதி அனுப்பிய விடை, தேர்வெல்லாம் முடிந்த பிறகு ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டுத் திரும்பி வருமானால், அது திருத்தமாகாது. அவ்வாறு நிகழும் இடத்தில் மாணவரும் சோர்ந்து, கடையில் விற்கும் ஆயத்த விடையை வாங்கிப் பார்த்தெழுதி அனுப்பத் துணிகிறார். திருத்துபவரும் படிப்பதில்லை, எழுதுபவரும் சிந்திப்பதில்லை என்றால், தபால் மட்டுமே நடக்கிறது, கல்வி நடக்கவில்லை.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. எல்லாப் படிப்பையும் தொலைவிலிருந்து கற்க இயலாது. மருத்துவம், செவிலியம், பொறியியல் போன்ற கைப்பயிற்சிப் பட்டங்களைத் தொலைநிலையில் வழங்குவதை நம் நாட்டு விதிகள் அனுமதிக்கவில்லை. உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் சில நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள் அளித்த பொறியியல் பட்டங்களைப் பற்றி 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. பல ஆண்டுகள் உழைத்துப் பெற்ற தாள், ஒரே நாளில் பயனற்றுப் போகும் நிலை பலருக்கு ஏற்பட்டது. பகலில் வேலையும் இரவில் படிப்புமாகக் கழிந்த அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தர முடியும்? ஆதலால் சேருமுன், அந்த நிறுவனத்துக்கும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும் அந்த ஆண்டில் பல்கலைக் கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உள்ளதா என்று பார்த்தறிய வேண்டும். அங்கீகாரம் இருப்பின் அஞ்ச வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டின் விதிகள், அத்தகைய தொலைநிலைப் பட்டத்தை நேரில் பயின்று பெற்ற பட்டத்துக்குச் சமமென்று அறிவிக்கின்றன.

மெதுவாகச் செல்வதில் இழிவு உண்டோ என்று ஐயுறுவோர்க்கு ஒருவரை நினைவூட்டலாம். தென்னாப்பிரிக்காவின் நெல்சன் மண்டேலா, 1943இல் ஜோகன்னஸ்பர்க் நகரப் பல்கலைக் கழகம் ஒன்றில் சட்டப் பட்டத்துக்குச் சேர்ந்தார், முடிக்கவில்லை. போராட்டமும் வழக்கும் சிறையும் குறுக்கிட்டன. ராபன் தீவுச் சிறையில், பகலில் சுண்ணாம்புக்கல் உடைத்த கையோடு, இலண்டன் பல்கலைக் கழகத்தின் பாடங்களைத் தபால் வழியே படித்தார். சிறை அதிகாரிகள் படிக்கும் உரிமையைச் சில ஆண்டுகள் பறித்தும் வைத்தார்கள். இறுதியில் 1989இல், சிறையிலிருந்தபடியே, தென்னாப்பிரிக்கப் பல்கலைக் கழகத்தின் தொலைநிலை மாணவராகச் சட்டப் பட்டத்தைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 70 கடந்திருந்தது. தொடங்கியதற்கும் முடித்ததற்கும் இடையே 46 ஆண்டுகள்! எத்தனையோ முறை தடைப்பட்டும், அத்தனை முறையும் அவர் மீண்டும் புத்தகத்தைத் திறந்தார்.

மாணவ நண்பர்களே, இவையெல்லாம் வேலைக்குச் செல்லும் பெரியவர்களுக்கு உரியவை, நமக்கென்ன என்று நீங்கள் எண்ணலாம். உங்களிற் சிலர் குடும்ப நிலை காரணமாக நாளையே வேலைக்குச் செல்ல நேரலாம். அப்போது படிப்பு முடிந்துவிட்டது என்று மனம் உடைய வேண்டியதில்லை. வேறொரு வாயில் திறந்திருக்கிறது. ஆனால் அந்த வாயிலில் நுழைபவருக்கு வேண்டிய பழக்கம், மணியடிக்கும் இந்த நாட்களிலேயே வர வேண்டும். ஆசிரியர் கேட்காத பக்கத்தையும் ஒரு நாள் படித்துப் பாருங்கள். விடுமுறையில், எவரும் அடிக்காத மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலேயே அண்ணனோ, அக்காளோ, அம்மாவோ இவ்வாறு படித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் பரீட்சை நாட்களில் வீடு முழுவதும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. அவர்கள் படிக்கும்போது அவ்வாறு நிகழ்வதில்லை. “அம்மா, தண்ணீர்!” என்று நீங்கள் குரல் கொடுத்தவுடன் அவர்கள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வருகிறார்கள். நாளொன்றுக்கு அவர்களுக்கு வேண்டியது 1 மணி 20 நிமிடம் என்று பார்த்தோம். அந்த நேரத்தை அவர்களுக்கு அளிக்கக்கூடியவர்கள் நீங்களே. இன்று மாலை தண்ணீரை நீங்களே எடுத்துக் குடியுங்கள்; அவர்கள் இன்னும் ஒரு பக்கம் படிக்கட்டும்.